பஸ்ஸுக்கே பாட்டு போட்ட என் பழைய போன்

காலையில ஒடுகத்தூர்ல ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். பாட்டே இல்லை.

டிரைவர் அண்ணன் புது போன் வாங்கியிருக்கார். அதுல ஒயர் சொருக ஓட்டை கிடையாது. பஸ் ஸ்பீக்கருக்கோ ஒயரை விட்டா வேற வழி தெரியாது.

கண்டக்டர் ஒவ்வொரு சீட்டா கேட்டுக்கிட்டு வந்தார். "ஹெட்செட் சொருகுற ஓட்டை யார் போன்லயாவது கீதாங்க?"

கண்ணாடி விரிசல் விட்ட என் போன்ல இருந்தது. ஒயர் எட்டணும்னு முன் சீட்டும் கொடுத்தாங்க. என் பாட்டுலதான் பஸ் மலை ஏற ஆரம்பிச்சது.

மூணாவது பாட்டு நடுவுல என் வீட்டுக்காரர் போன்ல கூப்பிட்டார். ஒயரைக் கழட்டாம எடுத்துட்டேன். அவர் குரல் பஸ் ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டது.

"உன் பழைய போனை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு புக் பண்ணிடட்டா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, புளி மூட்டையோட பின்னாடி உட்கார்ந்திருந்த அக்கா கத்தினாங்க: "வாணாம் சார், பாட்டு நின்னுடும்."

"வாணாங்க"ன்னு டிரைவரும் சொன்னார்.

"யாரு அது?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர்.

"பஸ்ஸு"ன்னேன்.

போன் பிழைச்சுது. ஆனா நாளைக்கு எனக்கு லீவு. இந்த பஸ்ல போறவங்க யார்கிட்டயாவது ஓட்டை வெச்ச போன் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. முன் சீட்டுக்கு நான் கேரண்டி.