ஒரு விமானமும் இறங்காத வெளி

எங்களைக் கிளப்ப வந்த வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் ஊரின் பெயர் தெரியாது. அவர் கையிலிருந்த வரைபடத்தில் அது இல்லை. மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்கு அப்பால் கடலோரத்தில் இருபது இருபத்தைந்து குடிசைகள், ஒரு சின்னப் பள்ளிவாசல், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று. அவ்வளவுதான் ஊர். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்ததாம். அங்கே மனிதர்கள் சோறு சமைத்துக்கொண்டிருந்தது அவருக்குப் பெரிய தொந்தரவாகப் போய்விட்டது.

நான் அப்போது பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் கரையேறப் போகிறான், ஊரைப் பிடிக்கப் போகிறான் என்று மன்னார்ப் பட்டினத்தில் பேச்சு. அவன் வரவேயில்லை. எங்கள் ஊரைப் பிடித்தவர்கள், அவனிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள்தான்.

துரைக்கு ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கிளாக்கர். மறுபக்கத்தில் எங்கள் ஊர்த் தலைவரான விதானையார். கிளாக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கடதாசியை வாசித்தார். இந்தக் கரையில் விமானம் இறங்க ஒரு வெளி அமைக்கப் போகிறார்களாம். நாளை மத்தியானத்துக்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டுமாம்.

வாப்பா கேட்டார். "நாங்கள் எங்க போறது, ஐயா?"

"வெள்ளாங்குளத்துக்குக் கிழக்கால காணி தருவினம். நெல்லு விதைச்சு நல்லா இருக்கலாம்."

"நாங்கள் கடல் தொழில் செய்யிற ஆக்கள். எங்களுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்?"

"பழகுங்கோ" என்றார் கிளாக்கர். ஏதோ புதுச் செருப்பு வாங்கித் தந்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார்.

விதானையார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர் ஏன் ஆட்டமாட்டார்? துரை கோல் வைத்துக் கீறிய எல்லைக்கோடு, கரை முழுக்க நேராக வந்து, விதானையாருடைய தென்னந்தோட்டத்தடியில் மட்டும் வளைந்து போயிற்று. நூறு தென்னை மரங்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க அந்தக் கோட்டுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பட்டாளத்து லொறிகள் வந்தன. மீன்பிடி வள்ளங்களை ஏற்ற முடியாது, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு சிப்பாய் ஒவ்வொரு வள்ளத்திலும் வெள்ளை மையால் இலக்கம் எழுதினான். வாப்பா தன் வள்ளத்தில் ஈர மை காயும்வரை பக்கத்திலேயே நின்றார். உம்மா அம்மிக்கல்லைத் தூக்கி லொறியில் வைத்தாள். பாரம் கூடிப்போச்சு என்று சிப்பாய் அதை இறக்கிப் போட்டான். உம்மா இறங்கிப் போய் மறுபடி தூக்கி வைத்தாள். அவன் மறுபடி இறக்கினான். மூன்றாவது தடவை அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சாம்ராஜ்யத்தின் பட்டாளம் அந்த அம்மிக்கல்லிடம் தோற்றுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த யுத்தத்தில் எங்கள் பக்கம் வென்றது அது ஒன்றுதான்.

என் தம்பிக்கு நாலு வயது. அவன் அதற்குமுன் லொறியில் ஏறியதில்லை. பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போகும்வரை கைதட்டிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

எங்களை இறக்கிவிட்ட இடம் முள்ளுக்காடு. பக்கத்தில் கரை உடைந்த ஒரு குளம், அதன் அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். குடும்பத்துக்கு ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். வயிற்றுக்கு அரிசி கொடுத்தார்கள், புழுவோடு சேர்த்து. விவசாயம் படிப்பிக்க ஒரு ஓவசியர் வந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்து அழுக்காகிவிடும் என்று அவர் நிலத்துக்குள் இறங்கவில்லை. வீதியில் நின்றபடி புத்தகத்தைப் பார்த்து உரத்து வாசித்தார். எங்கள் ஆண்கள் மண்வெட்டியைத் துடுப்புப் போலப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

சில நாள் கழித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து நெல் விதைக்கிற ஒரு கமக்காரர் கோபத்தோடு வந்தார். அவர்களுடைய மாடுகள் மேய்கிற தரையில் நாங்கள் குடிசை போட்டிருக்கிறோம் என்று சண்டை பிடிக்கத்தான் வந்தவர். வாப்பா வெட்டி வைத்திருந்த வரம்பைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதோ, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இந்த மண்ணில தண்ணி நிக்காது. என்ர தகப்பன் காலத்திலயே கைவிட்ட நிலம் இது. இதில நெல்லு விதைக்கச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அரசாங்கக் கந்தோரில சொன்னவை" என்றார் வாப்பா.

"அவையள் எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம்தான். அறிவு முழுவதையும் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறவர்கள் மாடு மேய்க்கிறவனிடம் போய்க் கேட்பார்களா?

மழை வந்தது. விதைத்தது முளைத்தது, மஞ்சளாகிச் செத்தது. பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் முதியவர்கள், பிறகு குழந்தைகள். கிழமைக்கு ஒருதரம் மருந்துக்காரர் வருவார் என்றார்கள். அவரும் வந்தார், காய்ச்சல் வராத கிழமைகளில். என் தம்பி ஆறு நாள் குளிரில் நடுங்கினான். ஏழாம் நாள் காலையில் உம்மாவின் மடியில் அடங்கிப் போனான்.

அவனைச் சுற்றி அடக்கம் செய்யப் புது வெள்ளைத் துணி இல்லை. யுத்த காலம், துணிக்கும் தட்டுப்பாடு. செய்தி கேட்டு அந்தக் கமக்காரரின் மனைவி வந்தாள். கோயில் திருவிழாவுக்கு மகன் கட்டவென்று வைத்திருந்த வேட்டியை, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்தாள்.

"இது கட்டாத வேட்டி. உங்கட முறைக்குச் சரிவருமோ, எனக்குத் தெரியாது."

"சரிவரும்" என்றாள் உம்மா. அந்தக் காலம் முழுவதிலும் ஒருவர் எங்களிடம் 'சரிவருமா' என்று கேட்டது அந்த ஒருமுறைதான். அவளுக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை.

அடுத்த மாதம் துரை பார்வையிட வருகிறார் என்று தடபுடல். முதல் நாளே கிளாக்கர் வந்து, எல்லாரும் சிரித்த முகமாக நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். துரை வந்தார். வாடிய பயிரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உம்மாவிடம் ஏதோ கேட்டார்.

"இடம் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார்" என்றார் கிளாக்கர்.

உம்மா நிதானமாகச் சொன்னாள். "நாங்கள் இந்த மண்ணில போட்டதில முளைக்காமல் இன்னும் உள்ளுக்குள்ளயே கிடக்கிறது என்ர பிள்ளை. எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கோ."

கிளாக்கர் துரையிடம் இங்கிலீசில் நாலைந்து சொல் சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது. உம்மாவைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டு அடுத்த குடிசைக்கு நடந்தார். எனக்கு இங்கிலீஸ் தெரியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தேன் என்று சொல்கிறவளைப் பார்த்து ஒரு மனிதன் இப்படிச் சிரிப்பானா? கிளாக்கர் என்ன சொல்லியிருப்பார் என்று அறிய இங்கிலீஸ் தேவைப்படவில்லை.

உம்மாவும் அதைக் கண்டாள். மறுநாள் விடிந்ததும் பாயைச் சுருட்டினாள்.

"நான் போறன். வாறவை வாங்கோ."

வாப்பா தயங்கினார். "பொலிஸ் பிடிச்சா?"

"பிடிச்சா என்ன செய்வாங்கள்? காட்டில கொண்டுபோய் விடுவாங்களோ?"

ஒன்பது குடும்பங்கள் நடந்தோம். மேற்கே கடற்கரையைக் கண்டதும் வாப்பா தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு இறங்கி, முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கருவாடு ஏற்றிக்கொண்டு போன வள்ளக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ப் பள்ளிமுனையில் விட்டார்கள். அங்கே மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார மீனவர்கள் தங்கள் வலைக் கொட்டிலை ஒதுக்கித் தந்தார்கள். எங்களிடம் அவர்கள் எந்தக் கடதாசியும் கேட்கவில்லை.

விதானையார் மட்டும் தேடிக்கொண்டு வந்தார். "அரசாங்கம் தந்த காணியை விட்டிட்டு வந்தது குற்றம். தெரியுமோ?"

"அப்ப திருப்பி ஏத்திக்கொண்டு போங்கோ" என்றாள் உம்மா. "ஆனால் இந்தமுறை நீங்களும் லொறியில ஏறுங்கோ. உங்கட பிள்ளையளையும் ஏத்துங்கோ."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

யுத்தம் முடிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். பள்ளிவாசலில் சுவர் மட்டும் நின்றது. கிணற்றுக்குள் சல்லிக்கல்லைக் கொட்டி மூடியிருந்தார்கள். இலக்கம் எழுதிய வள்ளங்களைச் சிப்பாய்கள் தேநீர் காய்ச்ச விறகாக்கிவிட்டார்கள் என்று விதானையாரின் தோட்டக்காரன் சொன்னான். எங்கள் குடிசைகள் நின்ற இடத்தில் பாதி தூரத்துக்குக் கல் பரப்பிய ஒரு வெளி. மீதிப் பாதிக்கு யாரோ ஒருவருக்கு மனம் மாறிவிட்டது. ஒரு விமானமும் அங்கே இறங்கவில்லை. நாங்கள் வந்தபோது கழுதைகள் படுத்திருந்தன.

குடிசை போட்டு ஒரு மாதமாகவில்லை, விதானையார் மீண்டும் வந்தார். இப்போது குரலில் தேன். கையில் தமிழில் எழுதிய ஒரு கடதாசி. "சும்மா ஒரு கைநாட்டு. கந்தோருக்குத் தேவையாம்."

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். உம்மா கடதாசியை வாங்கி என்னிடம் தந்தாள். நான் உரத்து வாசித்தேன். கீழே கைநாட்டு வைப்பவர்கள் தங்கள் சொந்த விருப்பத்தின் பேரிலேயே குடிபெயர்ந்ததாகவும், நன்றாகக் கவனிக்கப்பட்டதாகவும், அரசாங்கத்தின்மீது எந்தக் குறையும் இல்லை என்றும் அதில் இருந்தது. ஏற்கெனவே பலருடைய பெருவிரல்கள் அதில் பதிந்திருந்தன.

உம்மா சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்து நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"சொந்த விருப்பத்தில நாங்கள் செய்தது ஒண்டு இருக்கு, விதானையார். அந்தக் காட்டில இருந்து நடந்து வந்தது. அதை எழுதிக்கொண்டு வாங்கோ. பத்து விரலையும் வைக்கிறன்."

அவர் எழுதிக்கொண்டு வரவில்லை. அந்த வருஷமே யுத்தகாலச் சேவைக்காக அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. வாப்பா வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார். நானும் உம்மாவும் மூன்று கிழமை கிணற்றிலிருந்து சல்லிக்கல் அள்ளினோம். அடியில் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது. குடித்தோம்.