ஆறு மணி நேரத் தொட்டி

ஜாடி என்ற பெயரை அண்ணிக்காரி முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி வந்த எட்டாம் நாள், தெருக்குழாயடியில். "ஜாடியோட அண்ணிதான நீ? அப்ப உங்க வீட்டுல கலங்கல் தண்ணியே வராது" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. ஜாடி அவள் புருஷனுக்கு நேர் இளையவன். அக்காமார் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தபின் வீட்டில் மிச்சமிருந்தவன். குடிநீர் நிலையத்தில் மணல் வடிகட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கண்ணாடி ஜாடியில் தண்ணீரை மொண்டு, அதற்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பிடித்து, முள் தெரிகிறதா என்று பார்ப்பான். அதனால் வந்த பெயர்.

அதற்கு எட்டு வருடம் கழித்து, மழை பொய்த்துத் தொடர்ந்து மூன்றாம் வருடமும் ஏரி அடிமட்டத்துக்கு வற்றியது. மணலில் சேர்ந்த அழுக்கைக் கழுவ, வடிகட்டிக்குள் கீழிருந்து மேலாகத் தண்ணீரை ஏற்றுவார்கள். அந்தக் கழுவுநீரை அதுவரை ஓடையில் விட்டார்கள். இனி அதையும் வீணாக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. தொட்டியில் அது ஆறு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அழுக்கு அடியில் படிந்தபின், மேல்தண்ணீரை மட்டும், ஏரித்தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்து மறுபடி சுத்திகரிக்க வேண்டும்.

அவர்கள் தெருதான் குழாய் போகிற கடைசித் தெரு. ஒன்பது நாளாகக் காற்றுதான் வந்தது. வீட்டில் ஏழு வயது மகள். இரத்தக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிற உடம்பு, தாகம் தாங்காது.

"ஊருக்கே தண்ணி விடுற ஆளு நீங்க. உங்க அண்ணன் மக நாக்கு ஒட்டிக் கெடக்குறா. அங்க என்னத்தக் கிழிக்கிறீங்க தம்பி?" என்றாள் அண்ணி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கை கழுவினான். "இன்னிக்கு வரும் அண்ணி."

கழுவுநீர் தொட்டியில் நின்று இரண்டு மணி நேரத்திலேயே ஜாடியில் முள் தெரிந்தது. வால்வை முழுசாகத் திறந்துவிட்டான். கண்ணுக்குத் தெரிந்த தெளிவை நம்பினான். மணலில் சிக்கிய கிருமியெல்லாம் அந்தத் தண்ணீரில் திரண்டிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் குழாய் பொங்கியது. மகளுக்கு அவள் காய்ச்சித்தான் கொடுப்பாள். குடம் எடுக்க உள்ளே போன நேரத்தில் பிள்ளை குழாயில் வாய் வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. தெருவில் பலருக்கும் வந்தது, தேறினார்கள். இவள் தேறவில்லை. "இந்தக் கிருமி குளோரினுக்குச் சாகாதும்மா. மத்தவங்க உடம்பு எதிர்த்துக்கும், இவளுக்கு அந்தச் சக்தி இல்ல" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போகிற வருகிற நர்சுகளின் காலையெல்லாம் பிடித்தாள் அண்ணி.

விசாரிக்க வந்த பொறியாளர் அங்கேயே, அவள் எதிரிலேயே, ஜாடியிடம் கேட்டார். "யாருப்பா உன்னத் திறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் திறந்தேன்."

ஜாடி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஓரெட்டு முன்னால் வந்து நின்றாள். முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் பிள்ளை போய்விட்டாள். காரியம் முடிந்து வந்த தம்பியை அவள் புருஷன் வாசலோடு நிறுத்தினான். "இனி இந்தப் படி மிதிக்காத." தான் கேட்டதால்தான் அவன் திறந்தான் என்று அப்போதும் அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஜாடிக்கு வேலை போயிற்று. இப்போது வேறோர் ஊரில் செங்கல் சூளையில் மண் குழைக்கிறான், தங்கலும் அங்கேயேதான்.