சிங்கம் கூண்டுக்குள் போன நாள்

எனக்கு மாறுகண் வந்தது நாலு வயதில். எனக்கும், எனக்குக் கால் மணி நேரம் பிந்திப் பிறந்த தங்கைக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்கு நான் மட்டும்தான் மிஞ்சியிருந்தேன். அதற்கப்புறம்தான் என் இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அப்பாவுக்கு அது அதிர்ஷ்டம். மாறுகண் பிள்ளை கைபட்டால் விளையும் என்று, பருத்தி விதையை முதலில் என்னைத்தான் தொடவைப்பார். இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியும் அவருடைய நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. அம்மா சொன்னது வேறு. அந்தக் கண் தங்கையைத் தேடிப் போயிருக்கிறது என்பாள். அதைச் சாதாரணமாக, ஆடு மேயப் போயிருக்கிறது என்பதுபோலச் சொல்வாள். நான் உடனே அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொள்வேன்.

எனக்கு ஏழு வயதானபோது கோவில்பட்டியிலிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து மாணவிகள் பயிற்சிக்கு வந்தார்கள். கண் மருத்துவம் முழுக்க இல்லை. மாறுகண்ணை நேராக்கும் படிப்பாம். பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் வந்து எல்லாப் பிள்ளைகளின் கண்ணிலும் டார்ச் அடித்தார்கள். ஒல்லியாக, மூக்குத்தி போட்ட ஒரு அக்கா என்னைக் கண்டதும் புதையலைக் கண்டதுபோல நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். இரண்டு மாதத்துக்குள் ஒரு பிள்ளைக்காவது குணமாக்கிக் காட்டினால்தான் பெரிய டாக்டர் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவாராம். அப்பாவிடம், இப்படியே விட்டால் இடது கண் பார்வை அடியோடு போய்விடும் என்று சொன்னாள். அதிர்ஷ்டத்துக்கு ஒரு கண் போதாதா என்று அப்பா யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் சம்மதித்தார்.

வாரத்துக்கு இரண்டு நாள் அம்மாவோடு பஸ்ஸில் கோவில்பட்டி போனேன். அக்கா என் நல்ல கண்ணைப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டு மூடினாள். சோம்பேறிக் கண் அப்போதுதான் வேலை செய்யுமாம். பகலெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் எடுக்கலாம். முதல் வாரம் அம்மாவின் முகம் மாவுக்குள் இருந்து பார்ப்பதுபோலத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு அம்மா எனக்குத் தலை வாரினாள். சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் மங்கலாக, இன்னொரு பிள்ளை நின்றது.

"அம்மா, இன்னொருத்தி நிக்கா" என்றேன்.

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. யார் என்று அம்மா கேட்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

கை காட்டினேன்.

"சிரிக்காளா?"

நான் சிரித்துப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். ஆமாம் என்றேன்.

சட்டியும் இரண்டு, அடைகோழியும் இரண்டு, அப்பாவுக்கு மீசையும் இரண்டாகத்தான் அன்றைக்குத் தெரிந்தது. அதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அதிலிருந்து அம்மா சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. அப்பா காட்டுக்குப் போன பின்னே, பிள்ளைகளை வெளியில் விடாத உச்சிப்பொழுதில், கதவைச் சாத்திப் பிளாஸ்திரியை உரிப்பாள். ஓட்டு இடுக்கில் விழும் வெளிச்சத்தில் என்னைக் கண்ணாடிமுன் நிறுத்துவாள். கரிசல் வெடித்துக் கிடக்கும் கோடை அது. தெருவில் ஒரு காக்கைச் சத்தம்கூட இருக்காது. பல் விழுந்திருக்கிறதா என்று கேட்பாள். எனக்கு விழுந்த இடத்திலேயே அவளுக்கும் விழுந்திருந்தது. முடி வளர்ந்திருக்கிறதா என்று கேட்பாள். என் அளவுக்கு இருக்கிறது என்பேன். நாலு வயதில் போனவள் ஏழு வயதாக நிற்கிறாள் என்று தெரிந்ததும் அம்மாவின் முகம் தெளிந்தது.

"அங்கனயும் அவளுக்கு யாரோ சோறு போடுதாவ" என்றாள்.

பூ வாங்கினால் பல்லால் கடித்து இரண்டாக்கி, பாதியை எனக்கு வைத்து, மீதியைக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுவாள். ஒருநாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். அந்தப் பிள்ளையும் வாயைத் திறந்து என்னைக் கூப்பிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் கண்டது.

பயம் தாங்காமல் அக்காவிடம் சொன்னேன், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று. அவளுக்கு ஒரே கொண்டாட்டம். தூங்கின கண் முழித்துவிட்டது, இனி இரண்டு கண்ணும் பார்ப்பதை ஒன்றாகச் சேர்ப்பதுதான் பாக்கி என்றாள். மதுரையிலிருந்து எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. இரண்டு குழல் வைத்த கறுப்பு மெஷின் ஒன்றின்முன் உட்காரவைத்தாள். ஒரு குழலில் சிங்கம், இன்னொன்றில் வெறும் கூண்டு. கைப்பிடியை நகர்த்திச் சிங்கத்தைக் கூண்டுக்குள் அடைக்க வேண்டும். அடைந்துவிட்டால் இரண்டு கண்ணும் சேர்ந்துவிட்டதாக அர்த்தம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பம் அந்த இன்னொண்ணு எங்க போவும்?"

அக்கா சிரித்தாள். "எங்கயும் போகாதும்மா. இதுக்குள்ளயே சேர்ந்துரும்."

அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடி அரிசிப் பானைக்குள் போய்விட்டது. கோவில்பட்டி போகிற நாள் மட்டும் வெளியே வரும். வீட்டில் ஒழுங்காகப் போடுகிறாளா என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அம்மா ஆமாம் என்பாள். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிங்கம் கூண்டின் கம்பிவரை வரும், நின்றுவிடும். அக்காவின் முகம் வாரத்துக்கு வாரம் வாடிக்கொண்டே போனது. என்மேல் அவள் ஒருநாளும் கோபப்படாததால் எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடைசி நாள் வந்தது. பஸ்ஸில் அம்மா என் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் குனிந்து என் காதில் சொன்னாள்.

"ஏட்டி, கேட்டாவன்னா சிங்கம் வெளியதான் நிக்குன்னு சொல்லு. என்ன?"

தலையாட்டினேன்.

பெரிய டாக்டர் வெள்ளைக்கோட்டோடு சுவரோரம் நின்றார். அம்மா எனக்குப் பின்னால் பெஞ்சில். அக்காவின் கை என் தோளில் இருந்தது. கைப்பிடியை நகர்த்தினேன். சிங்கம் கம்பிவரை வந்து, வழக்கம்போல நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். சட்டென்று கம்பிகள் அதன் முகத்துக்கு மேல் விழுந்தன. அது உள்ளே நின்று என்னைப் பார்த்தது. அவ்வளவு தெளிவாக நான் எதையும் அதற்குமுன் பார்த்ததில்லை.

சிங்கம் எங்கே என்று டாக்டர் கேட்டார்.

"உள்ள" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் பார்த்தேன், பெஞ்சில் அம்மா இல்லை. வெளியே வேப்பமரத்தடியில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அடி விழும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியோடு என்னை அந்தக் கண்ணாடிமுன் நிறுத்தினாள்.

"நிக்காளா?"

நான் வெகுநேரம் தேடினேன். அறை அப்படியே இருந்தது. ஆணி ஒன்று, அம்மா ஒருத்தி, நான் ஒருத்தி.

"இல்ல" என்றேன்.

அம்மா பூவைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். கடிக்கவில்லை. என் தலையை இழுத்து, ஒரு முழத்தையும் அப்படியே எனக்கு வைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பிடித்து, ஒரு கண்ணைப் பார்த்தாள், அடுத்த கண்ணைப் பார்த்தாள், திரும்பவும் முதல் கண்ணைப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. முழுப் பூவும் எனக்கே கிடைத்துவிட்டது என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.