மண்ணெண்ணெய் மணக்கும் முதுகு

அண்ணனூர் ஸ்டேஷனில் ஒருவர் என்னைக் கடந்து போனார். மண்ணெண்ணெயும் சிவப்பு சோப்பும் கலந்த வாசனை வந்ததும், என் கிழட்டுக் கால்கள் என்னைக் கேட்காமல் அவர் பின்னால் நடந்தன.

அது என் அப்பாவின் வாசனை. ஆவடி தொழிற்சாலையில் இன்ஜினியர் என்றாலும் இயந்திரத்துக்குள் கையை விடாமல் அவருக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில், சாயங்காலச் சங்கு ஊதி, சைக்கிள்கள் மந்தையாக வரும்போது, குவார்ட்டர்ஸ் முனையில் நின்று மூக்காலேயே அவரைக் கண்டுபிடித்துக் கேரியரில் தொற்றிக்கொள்வேன். கிரீஸ் போக எல்லா அப்பாக்களும் அதே மண்ணெண்ணெயில்தான் கை கழுவுகிறார்கள் என்பது இந்த மேதைக்குத் தெரியாது. ஒருநாள் இறங்கிய வீடு எங்கள் வீடு மாதிரியே இருந்தது, அம்மாதான் வேறு. ஓவென்று அழுதேன்.

"அட, இன்ஜினியர் ஊட்டுப் புள்ளயா? எம் புள்ளன்னு நெனச்சிகினு மிதிச்சேனே," என்றார் சைக்கிள்காரர்.

அதற்குள் அப்பா, அந்தச் சைக்கிள்காரரின் பையனைக் கேரியரில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "எடை சரியா இருந்துச்சு, அதான் திரும்பிப் பாக்கலை," என்றார்.

இப்போது அப்பாவும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. முன்னால் போனவர் திரும்பினார். என் மகன் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், யாரத் தேடுற?"

"ஆள் தெரியாம வந்துட்டேன்," என்றேன். ஆனாலும் ரயில் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.