இறுக்கிப் பிடித்த சொல்

அம்மாவுக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று டாக்டர் சொன்னதாக அப்பா வந்து சொன்னபோது, அது ஏதோ பூச்சியின் பெயர் என்றுதான் நினைத்தேன்.

இத்தாலியில் நாங்கள் இருந்த நகரத்தின் லிபெர்த்தாத் தெருவில், சிக்னோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை அம்மா பராமரித்து வந்தார். மத்தியானங்களில் சிக்னோரா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவார். கையை இழுத்தால் விழித்துவிடுவார் என்று அம்மா கதிரையில் அசையாமல் இருப்பார். விடுமுறையில் கூடப்போய் நானே பார்த்திருக்கிறேன்.

சிக்னோரா இறந்த பிறகும், சீசா என்ற பகுதியிலிருந்த எங்கள் வீட்டில், மத்தியானமானால் அம்மா கட்டிலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெறும் மெத்தைமேல் கையை நீட்டி வைத்திருப்பார். விரல்கள் விறைத்து நிற்கும். கூப்பிட்டால் கேட்காது. எழும்பும்போது மணிக்கட்டு சிவந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இத்தாலிய ஆசிரியையிடம் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். ஆங்கிலச் சொல்தான், ஆனால் பிறப்பால் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று சிரித்தார். ‘இறுக்குதல்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்து, பிரான்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், அளவுக்கு மீறிய பாரத்துக்குப் பெயராகித் திரும்பி வந்ததாம். ஒடுக்கமான ஒழுங்கையை இத்தாலியனில் ‘ஸ்த்ரெத்தோ’ என்கிறோமே, அதுவும் அதன் உடன்பிறப்பாம். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு சிக்னோராவின் பிடிதான் நினைவுக்கு வந்தது. இறுக்கம் என்றால் இறுக்குகிறவர் ஒருவர் இருக்க வேண்டுமே.

அன்று மத்தியானம் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். யன்னல் சாத்தியிருந்தது. அந்த அரையிருட்டில், அம்மாவின் கைக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாகத் தெரிந்தது. யாரோ படுத்திருப்பதுபோல. போதும், அம்மாவை விட்டுவிட்டுப் போங்கள் என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்து இத்தாலியனில் சொன்னேன்.

அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை மடியில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா மெதுவாகத் திரும்பினார்.

“ஆரைப் போகச் சொன்னனி?”

“சிக்னோராவை.”

“அது சிக்னோரா இல்லை, பிள்ளை.”

மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு அந்தக் கை விறைக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் தகப்பன் படுக்கையில் கிடந்ததும், இஞ்சத்தை வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோ கைக்கு வராததால் அம்மாவால் போகமுடியாமல் போனதும், அவர் காலமானதைப் பெரியவர்கள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. அந்த மத்தியானம் நான் யாரை அனுப்பிவைத்தேன் என்பதும்.