தலைப்பு மட்டும் தெரிந்தவர்கள்

ஃபோனில் வரும் செய்தியை நம்புமுன் அதன் இணைப்பைத் திறந்து, எழுதியவர் யார், தேதி என்ன என்று பாருங்கள் என மேம் லியோனிசா சொல்லி முடித்ததும், கடைசி வரிசையில் நிலோ கை தூக்கினான்.

"அது திறக்காது மேம். டேட்டா இல்ல. ஃபோன் கம்பெனி ஃப்ரீயா குடுக்கறதுல தலைப்பு மட்டுந்தான் வரும். படங்கூட வராது."

வகுப்பு சிரித்தது. வேறு யாருக்கெல்லாம் அப்படி என்று மேம் கேட்டார். நாற்பது பேரில் முப்பத்தைந்து கைகள் எழுந்தன.

"நாலு வருஷமா இதையே சொல்லிட்டிருக்கேன். ஒருத்தர்கூடச் சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே மேம். திறந்து பாத்த மாதிரி எழுதிக் குடுத்தோம். நீங்களும் மார்க் போட்டீங்க."

சிரிப்பு இன்னும் பலத்தது. நூலக உதவியாளராகச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த ரோவினா, மேமின் முகத்தைப் பார்க்காமல் புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டினாள்.

கத்பலோகன் நகரத்தில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு லியோனிசா வந்து இருபத்தாறு வருடங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே இருந்த தங்கையும் மகளோடு கனடா போய்விட்டாள். மதியம் சோறும் கருவாடும் மேஜையிலேயே, தனியாக. மாணவர்கள் படிப்பை முடித்துப் போகும்போது புத்தக பாக்கி இல்லை என்ற முத்திரைக்காக அவர் முன்னால் வந்து நிற்பார்கள். பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வகுப்பில் அவர் ஃபோனில் செய்தி அனுப்பும் தன் கணக்கின் பெயரைப் பலகையில் எழுதினார். எழுத்துச் செய்தி இலவசத்திலும் போகுமாம். சந்தேகமான தலைப்பு வந்தால் அனுப்புங்கள், நான் திறந்து, உள்ளே இருப்பதைச் சொல்கிறேன் என்றார்.

முதல் நாள் இரண்டு வந்தன. ஒரே வாரத்தில் நாளுக்கு முப்பது ஆயின. யார் எழுதியது, எப்போது, பக்கத்தின் அடியில் என்ன விற்கிறார்கள் என்று எல்லாவற்றையும் தட்டி அனுப்புவார். உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்லமாட்டார். "இப்ப நீ சொல்லு" என்று முடிப்பார்.

தாவா-தாவா மூலிகைக் கஷாயம் குடித்தால் டெங்கு போய்விடும் என்ற தலைப்பை நிலோ அனுப்பினான். அரைமணி கழித்து அவன் போட்ட பதிலை மேம் ரோவினாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்: "கஷாயம் விக்கிறவனே எழுதினது மேம். தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அந்த மாதங்களில் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஃபோனை எடுப்பார். கை கழுவக்கூடப் பொறுமை இருக்காது.

ஜனவரியில் எல்லாக் கட்டடங்களுக்கும் வைஃபை வந்தது. அதற்காக மூன்று முறை மனு எழுதியவரே மேம்தான். பிள்ளைகள் இணைப்பைத் தாங்களே திறந்தார்கள். எழுதிக் கொடுத்த தாள்களில் பெயர், தேதி, எல்லாம் சரியாக இருந்தன. சிவப்பு மைக்கு வேலையே இல்லை. மேம் சந்தோஷப்பட்டார், அதை எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அவருடைய ஃபோன் ஓய்ந்துபோயிற்று. நாளுக்கு ஐந்து, பிறகு ஒன்று, பிறகு எதுவும் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு அவர் மெதுவாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிடுவதை ரோவினா எதிர் மேஜையிலிருந்து பார்த்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நூலகத்தைப் பூட்டும்போது மேம் கேட்டார்.

"ரோவினா, உனக்கு ஏதாவது தலைப்பு வந்தா எனக்கு அனுப்பேன்."

தன்னிடம் டேட்டா இருக்கிறதே, தானே திறந்து பார்த்துக்கொள்ளலாமே என்றாள் அவள்.

"தெரியும்மா. இருந்தாலும் அனுப்பு. பொய்யா இருந்தாக்கூடப் பரவால்ல."