ஜெனிவாவுக்கு ஒரு அர்ச்சனைப் பட்டியல்

அந்தக் கடிதத்தில் விழுந்த பிழைகள் எல்லாம் நான் வேண்டுமென்றே செய்தவை. தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறவன் ஒரு பக்கக் கடிதத்தை முடிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? முடித்துவிட்டால் அவள் வரமாட்டாள். அவ்வளவுதான்.

தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது என் இன்ஸ்டிடியூட். காலை ஆறு மணியிலிருந்து பிள்ளைகள் யளனகபக என்று முதல் பாடத்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை. மூடினாலும் மலைதான், ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அவள் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பெண். பௌதிகம் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை மாஸ்டர் என்பாள். அதற்கு மேல் ஒரு சொல்லை இரண்டு பேரும் கண்டுபிடிக்கவில்லை.

பெர்லினில் சுவர் விழுந்ததற்கு மறுவருடம் அது. இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்போது நம்பிக்கை தினமும் காலையில் பேப்பரோடு வந்து வாசலில் விழுந்தது. ஜெனிவாவில் இரண்டு வல்லரசுகளும் உட்கார்ந்து, யார் எத்தனை ஏவுகணையைக் கம்மி பண்ணுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் ஒரு சமாதானக் குழு கையெழுத்து இயக்கம் தொடங்கியது. உலகத்தில் உள்ள அணு ஆயுதங்களை எல்லா நாடுகளும் ஒழிக்க வேண்டும் என்று மேலே ஒரு வரி. கீழே பெயர், முகவரி, கையெழுத்து என்று மூன்று கட்டம். படிவங்களை அவள்தான் வாங்கி வந்தாள். எங்கே மக்கள் ஜாஸ்தி? பௌர்ணமியன்று மலை சுற்றுகிற பாதையில். ஆகவே ஒரு பௌர்ணமி பிற்பகலில், அடி அண்ணாமலையில் ஒரு புளியமரத்தடியில், இன்ஸ்டிடியூட் பெஞ்சு ஒன்றைப் போட்டு உட்கார்ந்தோம்.

முதலில் வந்த அம்மாள் வெறுங்காலோடு, இடுப்பில் சொருகிய முந்தானையோடு, மூச்சு வாங்க நின்றார்.

"இன்னாம்மா, பேரு எழுதறீங்களா?"

"ஆமாங்கம்மா. உங்க பேரு சொல்லுங்க."

பெயரைச் சொன்னார். அப்படியே நிறுத்தாமல், "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. எம் பையன் பூராடம், தனுசு. அவனுக்குக் கொஞ்சம் நல்லா வேண்டிக்கோம்மா, வேலை அமையல" என்றார்.

அர்ச்சனைக்குப் பெயர் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தப் போனேன். அதற்குள் அவள் முகவரிக் கட்டத்தில் ரோகிணி, ரிஷபம் என்று எழுதி முடித்துவிட்டாள். எழுதிவிட்டு, குண்டு போடுவது பற்றி, ஒரு குண்டு விழுந்தால் ஒரு ஊரே இல்லாமல் போவது பற்றி, அதை எல்லாம் அழித்துவிடச் சொல்லிக் கேட்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னாள். அம்மாள் கேட்டுக்கொண்டார்.

"யாரு வெச்சிருக்காங்க?"

"ரஷ்யாக்காரங்க, அமெரிக்காக்காரங்க. இன்னும் சில பேரு. இருக்கறதை வெச்சு உலகத்தைப் பல தடவை அழிக்கலாம்."

"ஒரு தடவை செத்தா போதாதா அவனுங்களுக்கு?" என்றார் அம்மாள். பிறகு கட்டைவிரலை நீட்டினார். "நல்ல விஷயம்தான். மையி வை."

பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்து வரிசை கட்டினார்கள். பெஞ்சு, தாள், பேனா, கேள்வி கேட்கும் ஒரு பெண்: இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சதயம், கும்பம். அஸ்தம், கன்னி. ஒருவர் வீட்டில் எல்லாருக்கும் சொன்னார், கடைசியில் தயங்கி மாட்டுக்கும் சேர்த்துச் சொன்னார். "டீச்சர், இதெல்லாம் செல்லாது" என்று நான் மெதுவாகச் சொன்னேன். "குண்டு மட்டும் அட்ரஸ் பார்த்தா விழப் போகுது?" என்றாள், தலை நிமிராமல். வெயில் இறங்கி மலையின் நிழல் பாதையில் படுத்தது. அவள் விரல்களில் அந்த அம்மாளுக்கு வைத்த மை. நான் அன்றைக்கே தொலைந்துபோனேன்.

தாள்கள் செல்லவில்லைதான். முகவரி இல்லாதவற்றைச் சேர்க்க முடியாது, புதிதாக வாங்கி அனுப்பவும் என்று சென்னையிலிருந்து கட்டு திரும்பி வந்தது. அவள் கோபப்படவில்லை. நேரே ஜெனிவாவுக்கு அனுப்பலாம் என்றாள். கூடவே வைக்க ஒரு கடிதமும் எழுதி வந்தாள். "முகவரி கேட்ட இடத்தில் எங்கள் மக்கள் நட்சத்திரத்தைச் சொன்னார்கள். சாமியிடம் தங்களை இன்னார் என்று சொல்ல அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் அவர்களிடம் இல்லை." இதை ஆங்கிலத்தில் மாற்றி, பிழையில்லாமல் அடித்து, கட்டோடு வைத்து அனுப்ப வேண்டியது என் வேலை.

பள்ளி விட்டதும் வருவாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். அடித்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள். "மாஸ்டர், இந்த வரியே விட்டுப்போச்சு." "அப்படியா?" "ஓரம் கோணலா இருக்கு. ஜெனிவாக்காரன் சிரிப்பான்." "திரும்ப அடிக்கிறேன் டீச்சர்." இடையில் அவள் போர்க்கப்பல், நீர்மூழ்கி, கண்டம் விட்டுக் கண்டம் பாய்வது என்று எதையோ விளக்குவாள். நான் அவள் கழுத்தோரம் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய அழிவைப் பற்றிப் பேசிய எங்கள் மாலைகள் அவ்வளவு மெதுவாக இருந்தன. நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். உலகம் எனக்காகக் காத்திருக்கும் என்று ஒரு எண்ணம்.

உலகம் காத்திருக்கவில்லை. மறுவருட ஆடியில் இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அன்று அவள் பேப்பரோடு படியேறி ஓடி வந்தாள். ஒரு பொட்டலத்தில் மைசூர்பாகு. வகுப்பில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தாள்.

"நம்ம தாளும் போய்ச் சேர்ந்திருக்கும் இல்ல? நீங்க அனுப்பிட்டீங்கதானே?"

மேஜை இழுப்பறையில், என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டு இருந்தது.

"அனுப்பிட்டேன் டீச்சர்."

"ரிஜிஸ்தர் ரசீது?"

"இங்கதான் எங்கயோ வெச்சேன்."

சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள். பிறகு அவள் மாடிக்கு வரவேயில்லை. கடிதம்தான் போய்விட்டதே, எதற்கு வருவாள்? அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தம் போட்ட இரண்டு நாடுகளில் ஒன்றே இல்லாமல் போனது. அதற்கு அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணமாகி, வடக்கே ஒரு ஊருக்குப் போனாள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தேன்.

வருடங்கள் போயின. தொண்ணூற்று எட்டில், சித்திரை மாதத்துப் பௌர்ணமி, ஊரே கால்களாக நகர்ந்துகொண்டிருந்த சாயங்காலம். அடி அண்ணாமலை டீக்கடை ரேடியோவில் செய்தி சொன்னார்கள்: பாலைவனத்தில் நம் நாடு குண்டு வெடித்துப் பார்த்திருக்கிறது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். "இனிமே நம்மகிட்ட வாலாட்ட முடியுமா சார்?" என்று ஒருவர் என் கையில் லட்டு வைத்தார். எதிரே அந்தப் புளியமரம். நான் அந்த லட்டைத் தின்றுவிட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அந்த மே மாதம் முடிவதற்குள் பக்கத்து நாடும் வெடித்தது. ஆனியில் அவளிடமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர். ஆறு வருடத்தில் முதல் கடிதம். பிள்ளைகள், வெயில், தண்ணீர்க் கஷ்டம். கடைசியில் ஒரு வரி: "இங்கே எல்லாரும் கொண்டாடுகிறார்கள். நம் ரோகிணியம்மாள் ஜெனிவாவில் ஏதோ அலமாரியில் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்."

இழுப்பறையைத் திறந்தேன். ரோகிணியம்மாளின் கைநாட்டு பழுப்பேறியிருந்தது. இருக்கிறாரோ, போய்விட்டாரோ. பையனுக்கு வேலை அமைந்ததோ. ஒரே உட்காரலில் எழுதி முடித்தேன்: அனுப்பவில்லை, பொய் சொன்னேன், அடித்து முடித்துவிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று தள்ளிப்போட்டேன், மன்னித்துவிடுங்கள். திரும்பப் படிக்காமல் பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

"அனுப்பலைன்னு அன்னைக்கே தெரியும் மாஸ்டர். ரசீது கேட்டப்ப உங்க காது செவந்துபோச்சு. இல்லை டீச்சர், இன்னும் அனுப்பலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த நாளும் வந்திருப்பேன். நீங்களே முடிச்சுட்டீங்க. சரி, போகட்டும். இப்ப ஜெனிவா வேணாம். ஜெராக்ஸ் எடுத்து டெல்லிக்கு ஒண்ணு, இஸ்லாமாபாத்துக்கு ஒண்ணு அனுப்புங்க. கடிதத்துல ஒரு எழுத்தும் மாத்தாதீங்க."

அன்று பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பிழை இல்லை. ஓரம் நேராக நின்றது. கடைசித் தாளில் ஒரு வரிசை காலியாக இருந்தது. ஊரையெல்லாம் எழுதவைத்த நான் எழுதவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பெயர் எழுதி, முகவரிக் கட்டத்தில் அனுஷம், விருச்சிகம் என்று போட்டேன்.

மறுநாள் தபால் ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டாவது உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாகிஸ்தானா? அங்க யாரு சார் இருக்காங்க உங்களுக்கு?"

"யாரும் இல்லீங்க."

"உள்ள இன்னா?"

"பேரு, நட்சத்திரம், ராசி."

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம கோயில்லயே அர்ச்சனை பண்ணியிருக்கலாமே சார்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ரசீது குடுங்க" என்றேன்.

இரண்டு ரசீதையும் அவளுக்கு அனுப்பிவிட்டால் இனி எழுத ஒன்றும் இல்லை. உறை வாங்கி, முகவரி எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறினேன். நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். நாலு நாள் அப்படி நினைத்தேன்.